ஒன்றரை மதிப்பெண்

பூட்டிய அறைக்குள் யாரோ காகிதத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள்.

மத்தியானம் மூன்று மணி. சாப்பிட்ட தட்டைக் கழுவாமல் கையில் பிடித்தபடி கொட்டு டாக்டர் கூடத்தில் நின்றார். தெருக்காரர்கள் வைத்த பெயர் அது. கொட்டுகிற பூச்சிகளை ஆராய்வது அவருக்கு முப்பது வருட உத்தியோகம். தேனீயோ குளவியோ, கொடுக்கு இருந்தால் போதும்; வேண்டுமென்றே கையில் கொட்டவிட்டு, வலிக்கு ஒன்றிலிருந்து நான்குவரை மதிப்பெண் போட்டு நோட்டில் எழுதிவிடுவார். "மனுஷனுக்கு மறை கழண்டுபோச்சு" என்று தெருவே சிரிக்கும்.

சிரிக்காத ஒரே ஆள் அவருடைய மகள் வாண்டு. ஏழு வயது. சாயங்காலம் அவர் செருப்பைக் கழற்றுமுன்பே ஓடிவந்து, கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள்.

"இன்னைக்கு எத்தனைப்பா?"

"ரெண்டும்மா."

அவ்வளவுதான், வீங்கிய இடத்தில் உப் உப்பென்று ஊத ஆரம்பித்துவிடுவாள்.

வாண்டு போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. அவருடைய ஆய்வுக்கூடத்து வெள்ளைக் கோட்டின் மடிப்பில் ஒளிந்து வீட்டுக்கு வந்த குளவி, அவள் கழுத்தில் கொட்டியது. பார்த்தார், பழகிய இனம்தான். "எத்தனைடா செல்லம்?" என்று விளையாட்டாகக் கேட்டார்.

"நாலுப்பா. ரொம்ப நாலு."

"போடி கள்ளி! இதெல்லாம் ஒன்றரைக்கு மேல தேறாது."

சிரித்துக்கொண்டே நோட்டை எடுத்து ஒன்றரை என்று எழுதினார். எழுதி நிமிர்வதற்குள் அவள் உதடு தடித்திருந்தது. மூச்சு இழுத்தது. ஆஸ்பத்திரி வாசலில் அதுவும் நின்றுபோனது. தன் உடம்புக்கு ஒன்றரை என்றால் குழந்தையின் உடம்புக்கும் ஒன்றரைதான் என்று நினைத்துவிட்டார், பாவி மனுஷன்.

மனைவி அவரைத் திட்டக்கூட இல்லை. "குழந்தைதான் சொன்னாளே. நீங்க நம்பியிருக்கலாமே" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். பிறகு வாண்டுவின் அறையைப் பூட்டி, சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுத் தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள்.

இந்தச் சுரண்டல் அவருக்குத் தெரியாத சத்தமா என்ன? காகிதக் குளவி. மரமோ காகிதமோ கிடைத்ததைச் சுரண்டி, எச்சிலில் குழைத்துக் கூடு கட்டும். வண்ணக் காகிதம் கிடைத்தால் கூடும் வண்ணமாகிவிடும். ஜன்னல் இடுக்கு வழியாகப் புகுந்திருக்கும், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கூடு இருக்கும், எடுத்துப் போட்டால் போச்சு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு தட்டை வைத்துவிட்டுச் சாவியை எடுத்தார். ஆனால் சுரண்டியது ஒரு குளவி இல்லை. நூறும் இல்லை. அவர் சாவியைத் திருப்பியதும் சத்தம் நின்றுவிட்டது.

மூடிக் கிடந்த புழுக்கமும் மெழுகு வண்ணக் குச்சிகளின் வாசனையும் முகத்தில் அடித்தன. சுவரில் அவள் ஒட்டிய படங்கள் ஒன்றுகூட இல்லை. அலமாரியில் நோட்டுகள் இல்லை. நோட்டு தைத்த கம்பிப் பின்கள் மட்டும் தரையில் கிடந்தன.

கட்டிலில் கூடு.

உள்ளங்கை அகலம் இல்லை. நாலடிக்குக் கொஞ்சம் குறைவு. கதவு நிலையில் பென்சில் கோடு போட்டு அவரே அளந்த வாண்டுவின் உயரம்.

உட்கார்ந்திருந்தது.

நெற்றியில் அவள் வரைந்த சூரியனின் மஞ்சள். தோளில் கடலின் நீலம். கழுத்தில் வாய்ப்பாட்டின் பென்சில் சாம்பல். முகம் முழுக்க ஆறு மூலைக் குழிகள். ஒவ்வொரு குழிக்குள்ளும் ஏதோ அசைந்தது.

ஓடியிருக்க வேண்டும். பெற்ற மனசு கேட்கவில்லை. கட்டிலருகே போய் முட்டி போட்டார்.

காகிதக் கை ஒன்று நீண்டது. எடையே இல்லை. அவர் கையைப் பிடித்தது. திருப்பியது. மறுபடி திருப்பியது.

கொட்டு ஒன்று. பத்து. பிறகு எண்ணவில்லை.

"நாலும்மா" என்றார். "நீ சொன்னதுதான் சரி. அப்பாதான் தப்பாப் போட்டுட்டேன்."

உதடு தடித்தது. தொண்டை அடைத்தது. கையை இழுத்துக்கொள்ளவில்லை.

காகித முகம் அந்தக் கைமேல் குனிந்தது. குழிகளெல்லாம் திறந்தன. வீங்கிய இடத்தில் உப் உப்பென்று ஊதியது. ஊதிய காற்றோடு குளவிகள் வந்துகொண்டே இருந்தன.