கவலை தீர்க்கும் பொம்மை

நைட் ஷிஃப்ட் முடிந்து மண்ணூர் வாடகை அறைக்குள் நான் நுழைந்தபோது காலை ஏழரை. தங்கை பிரவீனா ஊருக்குப் போகப் பை கட்டிக்கொண்டிருந்தாள். படுக்கலாம் என்று தலையணையை எடுத்தேன். அடியில் ஒரு துணிப் பொம்மை. ஒரு சாண் உயரம். கையால் நெய்த பல வண்ணப் பாவாடை, பூத்தையல் போட்ட ரவிக்கை, தலையைச் சுற்றி நாடா. கண் இருந்தது, வாய் இல்லை.

"ஏட்டி, இது என்ன?"

"குவாத்தமாலாவுல இருந்து எங்க கம்பெனிக்கு மெஷின் மாட்ட வந்த அம்மா குடுத்துச்சுக்கா. கவலைய இதுட்ட சொல்லிட்டுப் படுத்தா, விடியுறதுக்குள்ள தீத்துருமாம்."

"உனக்கு என்னட்டி கவலை?"

அவள் சிரித்தாள். அவள் கம்பெனியில் வீட்டில் சாவு விழுந்தால்தான் லீவு. தாத்தா பாட்டிகளையெல்லாம் போன வருடமே கொன்று தீர்த்துவிட்டாள். தோழி கல்யாணத்துக்காக இந்த முறை சூப்பர்வைசரிடம், 'அக்கா செத்துட்டா' என்று சொல்லியிருக்கிறாள்.

"பொய் பிடிபட்டுரக் கூடாதுன்னு இதுட்ட சொன்னேன். அவ்வளவுதான்."

"வாயக் கழுவுட்டி, மூதேவி!"

பொம்மையைத் தெருச் சாக்கடையில் எறிந்தேன். அவள் பஸ் ஏறப் போனாள். ஜன்னலுக்குப் போர்வையைக் கட்டினேன். பகலிலும் அறை கும்மிருட்டானது. எங்கோ ஒரு ஜெனரேட்டர் முனகிக்கொண்டே இருந்தது. அப்படியே தூங்கிப்போனேன்.

விழித்தபோது மணி இரண்டு. நெஞ்சில் பாரம். ரோஜா மாலை வாடுகிற வாசனை.

பொம்மை என் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தது.

அதில் ஈரமே இல்லை.

பிரவீனாவுக்கு போன் போட்டேன்.

"வேலை போனாப் போகட்டும். பொய் சொன்னேன்னு அந்தாளுட்ட இப்பவே சொல்லு. உன் கால்ல விழுதேன்ட்டி."

அவள் அழுதுகொண்டே சூப்பர்வைசரையும் அதே அழைப்பில் இணைத்தாள்.

"சார், நான் சொன்னது பொய். எங்கக்கா உயிரோடதான் இருக்கு."

"சார், நான்தான் சுகப்பிரியா பேசுதேன்!" என்று கத்தினேன்.

அவர் காதில் என் குரல் விழவில்லை.

"அழாதம்மா. லைன் ஆளுங்க அல்லாரும் காலீல வூட்டாண்ட வந்து பாத்துகினுதானே போனோம்? நான்தானே மாலை போட்டேன்? மூணு மணிக்கு ஆம்புலன்ஸ் வந்துடும். அக்காவ ஊருக்கு அனுப்பி வெக்கிறேன்."

"யக்கா... யக்கா, லைன்ல இருக்கியா?"

"இருக்கேன்ட்டி!"

அவளுக்கும் கேட்கவில்லை.

கதவைத் திறந்து ஓடிவிடலாம் என்று எழப் பார்த்தேன். முடியவில்லை.

என் கால் கட்டைவிரல்கள் இரண்டும் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன.