வலது ஓரத்து ஜன்னல்

கல்பிட்டியில் காற்று அன்று ஓயவேயில்லை. கடைசி மேசையையும் லொறியிலிருந்து இறக்கிவிட்டு ஷிம்லா அண்ணாந்து பார்த்தாள். வெள்ளைக்காரன் காலத்துச் செங்கல் மாடி வீடு. நடுவில் கதவு, அதன் தலையில் அரைவட்டக் கண்ணாடி. மாடியில் இடப்பக்கம் இரண்டு ஜன்னல், வலப்பக்கம் இரண்டு. கீழே காணி உறுதி எழுதும் ஒரு நொத்தாரிசின் கந்தோர். மேலே, நாளை முதல், ஷிம்லா வீட்டுப் பிளான் வரைந்து கொடுக்கப்போகும் ஆபீஸ்.

வலது ஓரத்து ஜன்னல் மட்டும் பொய். இரு பக்கமும் ஒத்துப்போக வேண்டுமென்று வெறும் சட்டத்தை வைத்து, உள்ளே செங்கல் அடைத்து, கண்ணாடிபோலக் கறுப்புச் சாயம் தீட்டியிருந்தார்கள்.

"காத்தும் வராத ஜன்னலுக்கும் சேத்துத்தான் வாடகை எடுக்கிறான்," என்ற அவள் கணவன் முபாரிஸ், அதற்குப் புதுச் சாயம் அடிக்க ஏணியைச் சாய்த்தான்.

"விழுந்து கிழுந்து வெச்சிராதீங்க."

"விழுந்தா கட்டாருக்குப் போகத் தேவல்லயே!"

ஷிம்லாவுக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த ஆபீஸ் சரிவராவிட்டால் அவனுக்கு மறுபடி கட்டார் வேலைதான். மகள் வாப்பாவைப் போன் திரையில் பார்த்தே வளர்ந்தவள்.

மாடியில் பலகைத் தரை அடிக்கு அடி முனகியது. மேலே தள்ளித் திறக்கும் ஜன்னல்கள் சட்டத்துக்குள் கடகடத்தன. ஷிம்லா அளவுநாடாவைச் சுவரில் பிடித்தாள்.

டொக். டொக்.

பொய் ஜன்னல் இருக்கும் இடம். வெளியே ஏணியில் நின்று முபாரிஸ் விளையாடுகிறான்!

"அஸ்ஸலாமு அலைக்கும்."

சுவருக்குள்ளிருந்து, மிக மெதுவாக.

வாய் தானாகப் பதில் சொன்னது. "வஅலைக்குமுஸ்ஸலாம்." அவளும் விளையாட்டாகச் சேர்த்துக்கொண்டாள். "வெளிய ஏன் நிக்கிறீங்க? உள்ள வாங்க."

காற்று நின்றது.

ஈரச் சுண்ணாம்பு வாடை. எதுவோ அவள் தோளை உரசிக்கொண்டு போனது. பலகை முனகியது. ஓர் அடி. இன்னோர் அடி. மேசையருகே போய் ஓய்ந்தது.

ஷிம்லா பக்கத்து ஜன்னலால் எட்டிப் பார்த்தாள்.

ஏணியில் யாருமில்லை.

தெருவுக்கு எதிரே, தேத்தண்ணிக் கடையில் கோப்பையும் கையுமாக நின்றான் முபாரிஸ். "யாரோட கதைக்கிற?" என்று கத்தினான்.

சொன்னால் இன்றைக்கே சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுவான். பிறகு விமானம்.

"போன்ல... உம்மாவோட."

மறுநாள் முதல் ஆளாக வந்தவள் அல்பொன்சா. கடற்கரைப் பக்கம் வீடு கட்டப்போகிறவள். கீழே தண்ணீர் எடுக்கப் போன ஷிம்லா திரும்பி வந்தபோது, அவள் மேசைக்கு முன்னால் வசதியாக உட்கார்ந்திருந்தாள்.

"ஒங்கட ஆபீஸ் ஐயா நல்ல மனுசன், தங்கச்சி. கதவத் திறந்து, கதிரையும் இழுத்துப் போட்டார். வாய்தான் திறக்கிறாரில்ல, பாவம்."

மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு அப்போதுதான் முபாரிஸ் படியேறி வந்தான்.

"எந்த ஐயா?" என்றான், வாசலில் நின்றபடியே.

ஷிம்லா அவன் முகத்தைப் பார்த்தாள். அவனுடைய வியர்வையை, கையிலிருந்த மகளின் குடையை.

"ஒதவிக்கு ஒருத்தர். நான்தான் வரச் சொன்ன."

அவளுக்குப் பக்கத்திலிருந்த வெறுங்கதிரையின் பிரம்பு, யாரோ உட்கார்ந்ததுபோல், மெல்லக் குழிந்தது.