ஷட்டர் மேலேயா, கீழேயா?

காலை 11.20.

கோவிந்தன் ஷட்டர் வாசலில் குப்புறக் கிடந்தார். பின்மண்டை பிளந்திருந்தது. பக்கத்தில் சாய்த்து வைத்த ஏணி, அதன் அடியில் ஒரு கருவிப் பை. ஓரடி தள்ளி, ரத்தம் தோய்ந்த பைப் ரென்ச் வாயை இறுக மூடிக்கொண்டு கிடந்தது. தலைக்கு மேலே ஷட்டர் முழுதாகச் சுருட்டப்பட்டு, இரண்டு பக்கமும் கயிற்றால் கட்டப்பட்டிருந்தது. வெயில் தாராளமாக உள்ளே வந்துகொண்டிருந்தது.

1987 பிப்ரவரி, ஒரு செவ்வாய்க்கிழமை. ஓசூர் சிப்காட்டில் ராமப்பனுடைய லேத் பட்டறை. கோவிந்தன் அங்கே பதினோரு வருஷமாக ஸ்டோர் கீப்பர். யாரிடமும் குரலை உயர்த்திப் பேசியறியாத மனிதர். அவருக்கு இப்படி ஒரு சாவு வந்திருக்க வேண்டாம்.

"அய்யோ தேவரே!" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார் முதலாளி ராமப்பன். அதிர்ச்சி வந்தால் அவருக்குக் கடவுளும் கன்னடத்தில்தான் வருவார்.

11.55. சப்-இன்ஸ்பெக்டர் சென்னகிருஷ்ணன் ஜீப்பிலிருந்து குதித்தார். எந்த வழக்கையும் மதியச் சாப்பாட்டுக்குள் முடித்துவிட வேண்டும் என்று நினைக்கிறவர். சில நாள் அது முடியும்.

"பார்த்தது யாரு?"

"நான்தாங்க சார்." முன்னால் வந்தவன் சூப்பர்வைசர் மூர்த்தி.

"சொல்லு."

"முந்தா நாள் ஷட்டர் ஸ்பிரிங் ஒடஞ்சு போச்சுங்க. ஸ்பிரிங் பாய் காலையில வந்தாரு. ஆறு பேர் புடிச்சு ஷட்டரை மேல ஏத்திக் குடுத்தோம். மேல ஸ்பிரிங் கோத்த பைப்புல ரென்ச்சை மாட்டினது மாட்டினபடி விட்டுட்டு, புது ஸ்பிரிங் வாங்கக் கிருஷ்ணகிரிக்குப் போயிட்டாருங்க. கோவிந்தன் அண்ணன் அடியில வந்தாரு. பைப்பு கிர்ருனு சுத்துச்சு. ரென்ச் தெறிச்சு வந்து மண்டையில அடிச்சிருச்சு."

"நீ பார்த்தே?"

"என் ரெண்டு கண்ணால பார்த்தேங்க. பெங்களூர்ல நான் இருந்த கம்பெனியிலயும் இதே மாதிரி ஒருத்தன் செத்தான் சார். ஷட்டர் ஸ்பிரிங்னா எமன்."

"வேற யாரு பார்த்தா?"

"எல்லாரும் உள்ளே மெஷின்ல நின்னாங்க."

ராமப்பன் மூக்கைச் சிந்தினார். "எல்லாம் என் தப்பு சார். பெங்களூர் கம்பெனிக்காரன் ஷட்டரையே மாத்தணும்னான். இந்த பாய், ஒண்ணுதானே ஒடஞ்சிருக்குது, இன்னொண்ணு நல்லா இருக்குது, ஒண்ணை மாத்தினா போதும்னாரு. கால்வாசிக் காசுதான் ஆச்சு. மலிவுக்கு ஆசைப்பட்டு ஒரு உசிரைக் குடுத்துட்டேன்."

சென்னகிருஷ்ணன் ரென்ச்சைக் கைக்குட்டையால் எடுத்துச் செய்தித்தாளில் சுற்றி, கட்டி, அரக்கு வைத்தார். இறந்தவரின் வலது கை மூடியிருந்தது. விரல்களைப் பிரித்தால், நகம் அளவில் ஒரு சாம்பல் நிறத் துண்டு.

"இது என்ன?"

"கார்பைட் பிட்டுங்க," என்றான் மூர்த்தி. "இரும்பை வெட்டுறது. தரையெல்லாம் கெடக்கும் சார்."

அதுவும் ஓர் உறைக்குள் போயிற்று.

மதியம் 2.10. தோளில் சாக்குச் சுருளோடு ஸ்பிரிங் பாய் என்கிற முனீர் அகமது பட்டறை வாசலுக்கு வந்தார். சானமாவு பக்கம் யானை ரோட்டைக் கடந்ததால் பஸ் நின்றுவிட்டது, அதனால்தான் தாமதம் என்று சொல்லிக்கொண்டே வந்தவரை, புது ஸ்பிரிங்கோடு சேர்த்து ஜீப்பில் ஏற்றினார்கள். ஸ்டேஷனில் ஏட்டு கன்னத்தில் இரண்டு வைத்தார்.

"பைப்புல முறுக்கை எடுத்துட்டுத்தான் போனேங்க சார். பைப்பு சுத்தாம புடிக்கிற கிளாம்பை டைட் பண்ணிட்டு, ரென்ச்சை ஏணி அடியில இருந்த பையில போட்டுட்டுப் போனேன்."

"நீ எடுத்ததை யாரு பார்த்தா?"

அந்த வேலை செய்யும்போது அடியில் ஓர் ஆளைக்கூட முனீர் நிற்க விடமாட்டார். அன்றும் எல்லாரையும் துரத்திவிட்டுத்தான் செய்திருந்தார். ஆகவே சாட்சி இல்லை.

3.00. முனீரின் மனைவி ஃபகருன்னிசா ஸ்டேஷனுக்கு வந்தார். அழவில்லை. தலையில் முக்காடு, விரல் நகங்களில் கிரீஸ் கறை. வீட்டுக் கொட்டகையில் கணவரோடு சேர்ந்து ஸ்பிரிங்குக்கு கிரீஸ் போட்டு, முறுக்கு எண்ணிக் கொடுப்பது அவர்தான். கம்பிக்குப் பின்னால் கன்னம் வீங்கி உட்கார்ந்திருந்த கணவரை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு மேஜைக்கு வந்தார்.

"சார், ஒண்ணே ஒண்ணு கேக்கணும். ஷட்டர் மேலே இருந்துச்சா, கீழே இருந்துச்சா?"

"அது எதுக்கும்மா உனக்கு? ஆளு செத்துட்டான். கவனக்குறைவுனு கேஸ் போட்டாச்சு. வக்கீலைப் பாரு."

"மேலேயா, கீழேயா சார்?"

"மேலே. கயித்துல கட்டியிருந்துச்சு."

"ஷட்டரை இறக்கினா ஸ்பிரிங்குல முறுக்கு ஏறும் சார். மேல ஏத்தினா இறங்கும். கீழ இருக்கிறப்போ பைப்புல கை வெச்சா ஆளை அடிச்சிரும். மேல ஏத்திக் கட்டிட்டா மிச்சம் ரெண்டு மூணு சுத்துதான். அதையும் எடுத்துட்டுக் கிளாம்பை இறுக்குவாரு. நீங்க அந்தக் கிளாம்பைப் பார்த்தீங்களா?"

சென்னகிருஷ்ணன் பார்க்கவில்லை. அதை ஒப்புக்கொள்ள அவருக்கு மனமில்லை. ஆனாலும் தொப்பியை எடுத்துக்கொண்டார். ஜீப்பில் போகும் வழியில் மூர்த்தி சொன்னதையெல்லாம் ஃபகருன்னிசாவிடம் சொன்னார்.

3.40. பட்டறை வாசலில் ஏணி அப்படியே சாய்ந்திருந்தது. ஏட்டு அதைப் பார்த்துவிட்டு நாலடி பின்னால் போனார். காலையில் ஒருவரைக் கொன்ற ஏணிக்கு யார் பக்கத்தில் போவார்கள்?

"நான் ஏறுறேன்," என்றார் ஃபகருன்னிசா. "எல்லாரும் தள்ளி நில்லுங்க."

ஏறினார். பைப்பின் முனையைக் கவ்விப் பிடித்திருந்த கிளாம்பின் இரண்டு நட்டுகளையும் விரலால் அசைத்துப் பார்த்தார். அசையவில்லை.

"டைட்டா இருக்குது சார். இது இறுகியிருந்தா பைப்பு சுத்தாது. காலையிலேர்ந்து யாராச்சும் மேல ஏறினீங்களா?"

"யாரும் ஏறல," என்றார் ராமப்பன். "கிட்டப் போகவே பயமா இருந்துச்சு."

சென்னகிருஷ்ணனின் கண் மூர்த்தி பக்கம் போயிற்று. மூர்த்தி சட்டென்று சொன்னான். "கிளாம்பு லேசா வழுக்கிக் குடுத்திருக்கும் சார். இன்னும் முறுக்கு உள்ளேதான் இருக்குது. பாய் எடுக்கவே இல்லை. அம்மா, எறங்கிருங்க. அது அடிச்சா தலை இருக்காது."

"முறுக்கு இருக்குதா இல்லையானு கழட்டினா தெரிஞ்சிரும்," என்றார் ஃபகருன்னிசா. "ஸ்பேனர் குடுங்க."

"ஏம்மா! வேண்டாம்!" சென்னகிருஷ்ணன் உண்மையிலேயே பதறினார். "வேற மெக்கானிக்கைக் கூப்பிடுவோம்."

"எப்ப வருவாங்க சார்? அதுவரைக்கும் அவர் உள்ளேயே இருக்கணுமா?"

ஸ்பேனர் மேலே போயிற்று. முதல் நட்டு லூஸ் ஆனது. பைப்பின் முனை அவர் முகத்துக்கு ஒரு முழம் தள்ளி இருந்தது. உள்ளே முறுக்கு இருந்தால் ஸ்பேனரோடு சேர்த்து அவரையும் தூக்கி எறிந்துவிடும். இரண்டாவது நட்டைப் பிடித்தார். உதடு அசைந்தது, என்ன ஓதினார் என்று யாருக்கும் கேட்கவில்லை. அரைச் சுற்று. இன்னும் அரைச் சுற்று. ராமப்பன் கண்ணை மூடிக்கொண்டார்.

கிளாம்பு திறந்தது. பைப்பு சோம்பலாகக் கால் சுற்றுத் திரும்பி நின்றது.

ஃபகருன்னிசா அதை ஒற்றைக் கையால் முன்னும் பின்னும் உருட்டிக் காட்டினார். "எடுத்துட்டுத்தான் போயிருக்காரு சார்."

"அப்போ ரென்ச் எப்படித் தெறிச்சுது?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார் சென்னகிருஷ்ணன்.

"அந்த ரென்ச்சைக் கொஞ்சம் காட்டுங்க சார்."

ஜீப்பிலிருந்து பொட்டலம் வந்தது. அரக்கை உடைத்துப் பிரித்தார்கள். ரென்ச்சின் இரண்டு தாடைகளும் ஒட்டிக் கிடந்தன. காகிதம் நுழையக்கூட இடமில்லை. ஃபகருன்னிசா கீழே இறங்கி வந்து குனிந்து பார்த்தார். தொடவில்லை.

"யாராச்சும் இதைத் திருகினீங்களா சார்?"

"இல்ல. கெடந்தபடியே எடுத்துக் கட்டினேன்."

"மேல இருக்கிறது ரெண்டு இஞ்ச் பைப்பு. ரென்ச் அதைக் கவ்வியிருந்தா ரெண்டு இஞ்ச் வாய் திறந்திருக்கணும். இது மூடியிருக்குது. எங்க வீட்டுக்காரர் வேலை முடிஞ்சு பையில போடறப்போ வாயை முழுசா மூடித்தான் போடுவாரு. இல்லேன்னா மரையில தூசு ஏறிரும்."

"அடிச்ச வேகத்துல மூடியிருக்கும்," என்றான் மூர்த்தி.

"மூடாதுங்க. இந்த நட்டைக் கட்டைவிரலால பத்துப் பன்னெண்டு சுத்து சுத்தணும். விழுந்தா தானா சுத்துமா?" அவர் சென்னகிருஷ்ணனைப் பார்த்தார். "இந்த ரென்ச் பைப்புல இல்லவே இல்லை சார். ஏணி அடியில பையில இருந்துச்சு. பையிலேர்ந்து எடுத்து ஒருத்தர் கையால அடிச்சிருக்காங்க. பைப்பு சுத்தல, ரென்ச் தெறிக்கல. ரெண்டையும் கண்ணால பார்த்தேன்னு சொன்னது ஒரே ஒரு ஆளு."

எல்லாத் தலைகளும் மூர்த்தி பக்கம் திரும்பின.

சென்னகிருஷ்ணனுக்கு இப்போதுதான் அந்த உறை ஞாபகம் வந்தது. சாம்பல் நிறத் துண்டை ராமப்பனிடம் நீட்டினார். "இது தரையெல்லாம் கெடக்குமா?"

"தரையிலயா? வெலை ஜாஸ்தி சார். ஒண்ணொண்ணையும் அலமாரியில பூட்டி வெச்சு, கையெழுத்து வாங்கிட்டுத்தான் கோவிந்தன் குடுப்பாரு. புதுசு சார் இது."

மூர்த்தி ஓடப் பார்த்தான். ஏட்டு இந்தத் தடவை தாமதிக்கவில்லை. மூர்த்தியின் ஸ்கூட்டர் பெட்டியில் டிபன் கேரியர் இருந்தது. அதன் அடித்தட்டில், எலுமிச்சை சாதத்துக்குக் கீழே, பாலிதீன் பையில் நாற்பது கார்பைட் பிட்.

4.35. பட்டறையிலேயே உட்கார வைத்ததும் மூர்த்தி கொட்டிவிட்டான். கோவிந்தன் காலையில் அந்தப் பாலிதீன் பையைப் பார்த்துவிட்டார். ஒரு பிட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, முதலாளியிடம் நீயே போய்ச் சொல்லிவிடு, நான் சொன்னால் உன் வேலை போய்விடும் என்று மெதுவாகத்தான் சொன்னாராம். சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தவரை, கைக்கு எட்டிய ரென்ச்சால் மூர்த்தி அடித்திருக்கிறான். ஏணியைப் பார்த்ததும் பெங்களூர் சாவு ஞாபகம் வந்திருக்கிறது. அங்கே ஷட்டர் கீழே இருந்தது. அந்த வித்தியாசம் அவனுக்குத் தெரியாது.

ஜீப்பில் ஸ்டேஷனுக்குத் திரும்பும்போது சென்னகிருஷ்ணன் கேட்டார். "ஏம்மா, உங்க வீட்டுக்காரர் மறந்து விட்டிருந்தா?"

"மறக்க மாட்டாருங்க சார்."

5.15. முனீரை வெளியே விட்டார்கள். சென்னகிருஷ்ணன் நடந்ததை எல்லாம் தாமே சொன்னார், வீங்கிய கன்னத்தைப் பார்க்காமல். கிளாம்பைக் கழற்றிய இடம் வந்ததும் முனீரின் முகம் வெளுத்தது. மனைவியின் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"உனக்குப் புத்தி இருக்குதாடி? யாரைக் கேட்டு ஏறினே?"

"நீங்கதானே முறுக்கை எடுத்துட்டேன்னு சொன்னீங்க?"

"சொன்னேன்! அடிக்க அடிக்க அதையே சொன்னேன். அப்புறம் தனியா உக்காந்து யோசிச்சேன். எடுத்தேனா, பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு அப்படியே ஓடினேனா? கோவிந்தன் அண்ணனை நான்தான் கொன்னுட்டேனா? ரெண்டு மணி நேரமா எனக்கே தெரியலை ஃபகரு. இப்ப நீ சொல்லித்தான் தெரியுது."

ஃபகருன்னிசா கணவரின் முகத்தையே பார்த்தார். பிறகு ஸ்டேஷன் படியிலேயே உட்கார்ந்து, அன்றைக்கு முதல் தடவையாக வாய்விட்டு அழுதார்.