நாலு மணித் தூக்கம்

டெலிபோன் அலறிக்கொண்டே இருந்தது.

எடுக்க வேண்டியவர் மேஜை மேல் தலை கவிழ்ந்து கிடந்தார்.

மணி நாலு... நாலு பத்து... நாலு இருபது!

நாலரைக்குக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்த இன்ஸ்பெக்டரம்மா, அவர் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தார். மூச்சு இருந்தது. கூடவே குறட்டையும் இருந்தது.

"கொலைன்னு சொல்லித்தானே கூப்பிட்டீங்க? குறட்டை விடுற பிணத்தை இப்பதான் பார்க்கறேன்."

பின்னாலேயே வந்த விலை அதிகாரி அழாத குறை. கக்கத்தில் தலையணை கனத்துக்கு ஒரு விதிப் புத்தகம்.

"செத்திருந்தாலும் இதே கதிதான் மேடம். நாலரைக்குள்ள இவர் விலை சொல்லலையே."

"எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க."

"மாசக் கடைசியில நாலு மணிக்கு மூணு கேஸ் புரோக்கருக்கு நான் போன் பண்ணுவேன். என்ன விலைக்கு வாங்கி வித்தீங்கன்னு கேட்பேன். மூணையும் கூட்டி மூணால வகுத்தா, அதுதான் அடுத்த மாசம் பூரா ஊருக்கு கேஸ் விலை. அடுப்பு, பஸ், கரண்டு, எல்லாம் அதுலதான் ஓடுது. இவர்தான் மூணாம் நம்பர்."

"ஒருத்தர் சொல்லலைன்னா?"

"புது விதி வந்திருக்கு. முன்னாடி ரெண்டு பேர் கூட்டு சேர்ந்து, மூணாவது ஆளைப் பேச விடாம விலையை ஏத்திட்டாங்க. அதனால இப்ப மூணும் வந்தாத்தான் புது விலை. ஒண்ணு குறைஞ்சாலும் போன மாச விலையே நிக்கும். மோசடியைத் தடுக்க நாங்களே உட்கார்ந்து எழுதினது."

"நல்லாத்தான் தடுத்திருக்கீங்க. இன்னைக்கு மத்த ரெண்டு பேர் என்ன சொன்னாங்க?"

"ஒன்றரை மடங்கு, மேடம். ஏறியிருக்கணும். ஏறலை."

ஊருக்கே லாபமான ஒரு குற்றம்! இன்ஸ்பெக்டரம்மாவின் பத்து வருட சர்வீசில் இப்படி ஒன்று வந்ததில்லை.

மேஜை மேல் டீ கிளாஸ் இருந்தது. அடியில் வெள்ளையாக ஏதோ தூள் படிந்திருந்தது.

டீ வந்தது கீழ்த்தளத்துப் பேக்கரியிலிருந்து.

பேக்கரிக்காரர் முழங்கை வரை மாவோடு வந்து நின்றார்.

"மூணரைக்கு டீ கொண்டு வந்தது யாரு?"

"நான்தான் மேடம்."

"காலையில மாடிப்படியில நின்னு இவர்கிட்ட என்ன சத்தம் போட்டீங்க?"

"இன்னைக்கு நீ வாயைத் திறக்காம இருந்தா ஊரே உன்னைக் கும்பிடும்னு சொன்னேன். எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. நான் கொஞ்சம் சத்தமா சொல்லிட்டேன்."

"ஏன்?"

"ஒன்றரை மடங்கு ஆச்சுன்னா நாளைக்கே அடுப்பை அணைக்கணும் மேடம். ஆறு குடும்பம் அந்த அடுப்புலதான் சாப்பிடுது. ஆனா சத்தியமா டீயில நான் சர்க்கரையைத் தவிர எதுவும் போடலை."

காரணம் இருந்தது, கிளாஸ் இருந்தது, மாடிப்படி சாட்சிகள் இருந்தார்கள். இன்ஸ்பெக்டரம்மாவுக்கு அந்த மனுஷனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனாலும் ஜீப்பில் ஏற்றத்தான் வேண்டியிருந்தது.

மறுநாள் காலை. ஆஸ்பத்திரி.

மூணாம் நம்பர் புரோக்கர் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து புகாரில் கையெழுத்துப் போட்டார்.

"மூணரைக்கு டீ குடிச்சேன். குடிச்ச நிமிஷமே தலை சுத்திச்சு. அப்புறம் என்ன செஞ்சேன்னே தெரியலை. பேக்கரிக்காரனை விடாதீங்க மேடம். ஒரு அஞ்சு வருஷமாவது உள்ளே தள்ளுங்க."

இன்ஸ்பெக்டரம்மா ஒரு கண்ணாடி டப்பாவை நீட்டினார்.

"உங்க மூக்குக் கண்ணாடி. துடைச்சு, மடிச்சு, டப்பாவுல வச்சிருந்தீங்க. ஷூ மேஜைக்கு அடியில ஜோடியா இருந்துச்சு. தலைக்கு ரெண்டு ஃபைலை அடுக்கி, மேல டவல் வேற விரிச்சிருந்தீங்க. மயக்கம் போட்டு விழுந்தவர்தானே நீங்க? என் வீட்டுக்காரர் படுக்கப் போறப்பகூட இவ்வளவு ஒழுங்கா போக மாட்டார்."

"அது... பழக்க தோஷம்."

"சரி. சார், மூணே முக்காலுக்கு இவர் என்ன பண்ணினார்?"

விதிப் புத்தகத்தோடு கூடவே வந்திருந்த விலை அதிகாரி முன்னால் வந்தார். "விலை ஏறாதுன்னு ஒப்பந்தம் போட்டிருக்கார், மேடம். பந்தயம் கட்டற மாதிரிதான். ஏறாததால நாலு கோடி லாபம்."

"சட்டப்படிதான் போட்டேன்," என்றார் மூணாம் நம்பர்.

"யாரு இல்லைன்னா? ஆனா மூணரைக்கே நினைப்பு இல்லைன்னு இப்ப எழுதிக் கொடுத்தீங்களே."

அதிகாரி பக்கங்களைப் புரட்டினார். "எண்பத்தொன்பதாம் பக்கம். சுயநினைவு இல்லாதவர் போட்ட ஒப்பந்தம் செல்லாது."

மூணாம் நம்பரின் முகம் வெளுத்தது. நாலு கோடி அவர் கண் முன்னாலேயே ஆவியாகிக்கொண்டிருந்தது.

"அப்போ... நான் தெளிவாத்தான் இருந்தேன்னா?"

"பொய்ப் புகார். மூணு மாசம் உள்ளே. பேக்கரிக்காரர் வீட்டுக்குப் போவார். எண்பத்தொன்பதாம் பக்கம் உங்களை ஒண்ணும் பண்ணாது."

மூணு மாதம் ஒரு பக்கம்... நாலு கோடி ஒரு பக்கம்... கணக்குப் போட அவருக்கு மூணு விநாடிகூட ஆகவில்லை.

"பேப்பர் கொடுங்க மேடம்!"

"தெளிவா இருந்தீங்கன்னு எப்படி நம்பறது?"

"காலையிலேயே திட்டம் போட்டாச்சு. ஒப்பந்தத்தை முடிச்சுட்டு மாத்திரையை நானே முழுங்கினேன். மிச்சத்தைப் பொடி பண்ணி கிளாஸ்ல போட்டதும் நான்தான். தப்பு விலை சொன்னா பத்து வருஷம். விலையே சொல்லாம தூங்கினா? அதுக்கு உங்க புத்தகத்துல ஒரு வரி இருக்கா சார்?"

அதிகாரி தலை குனிந்துகொண்டார். "இல்லை."

மூணாம் நம்பர் கடகடவென்று எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். சிரிப்பு வேறு.

இன்ஸ்பெக்டரம்மா காகிதத்தை மடித்துப் பத்திரப்படுத்தினார்.

"சார், காலையில எனக்குப் படிச்சுக் காட்டினீங்களே, நூத்திப் பன்னிரண்டாம் பக்கம். அதை இவருக்கும் படிங்க."

"சந்தையில் வேறு யாருக்கும் தெரியாத தகவலை வைத்து ஒருவர் ஒப்பந்தம் போட்டால், லாபம் பறிமுதல். ஏழு வருடச் சிறை."

"நான் என்ன தகவல் வச்சிருந்தேன்? எனக்கு எந்த ரகசியமும் தெரியாதே."

"நாலு மணிக்கு நீங்க தூங்கப் போறீங்கன்னு, உங்களைத் தவிர ஊர்ல யாருக்குங்க தெரியும்?"

சிரிப்பு நின்றது.

மத்தியானம் ஸ்டேஷன் வாசலில் பேக்கரிக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டே தயங்கினார்.

"கேஸ் விலை...?"

"மூணாவது விலை வரவே இல்லையே. இந்த மாசம் பழைய விலைதான். போய் அடுப்பைப் பத்த வைங்க."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கிட்டத்தட்ட ஓடினார்.

எதிரே வந்து நின்ற ஜீப்பிலிருந்து மூணாம் நம்பரை இறக்கினார்கள். கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டிருந்தார்.

"ஏழு வருஷம் மேடம்... எனக்கு இனிமே தூக்கமே வராது."

"அதெல்லாம் வரும்," என்றார் இன்ஸ்பெக்டரம்மா. "உள்ளே நாலு மணிக்கு யாரும் உங்களுக்குப் போன் பண்ண மாட்டாங்க!"