வெள்ளைக்காலன் கரையேறினான்

காத்தான்குடியில் பழைய பேப்பர்க் கடை வைத்திருந்த முகைதீன்பாவாவின் மகள் ஸகியாவுக்குப் பதினொரு வயது. கடைக்கு வரும் கட்டுகளுக்குள் அவள் தேடுவது ஒன்றைத்தான். எழுத்தாளர் வினாயகமூர்த்தியின் குதிரைக் கதைகள்.

முப்பது வருடங்களுக்கு முன் அவர் ஐந்து குதிரை நாவல்கள் எழுதியிருந்தார். ஸகியாவிடம் நான்கு இருந்தன. அட்டை கிழிந்து, கரையான் அரித்த புத்தகங்கள். எல்லாவற்றையும் பசை போட்டு ஒட்டிப் பத்திரமாக வைத்திருந்தாள்.

அது யுத்த காலம். ஒருநாள் மாலை, பேப்பரில் ஓர் அறிவித்தல் கண்ணில் பட்டது. கொக்கட்டிச்சோலையில் வினாயகமூர்த்தியின் வீடு எரிந்து, அவரிடம் ஒரு புத்தகம்கூட மிஞ்சவில்லையாம். யாரிடமாவது பிரதிகள் இருந்தால், மட்டக்களப்பில் ஓர் அச்சகம் மறுபடி அச்சிடுமாம்.

“வாப்பா! நாலு நம்மட்ட இருக்கு. ‘வெள்ளைக்காலன்’தான் இல்ல!”

வாப்பா தலையைச் சொறிந்தார். “அட்டையில குதிரப் படம் போட்டதா? இண்டைக்கு நீ பள்ளிக்குப் போன நேரம் ஒண்டு வந்தது மகள். கச்சான் கடல சுத்த சாலிஹுக்குக் குடுத்துப்போட்டனே!”

ஸகியா ஓடினாள். பஸ் நிற்கும் இடத்தில் சாலிஹ் ஒரு தாளைச் சுருட்டி அதற்குள் கச்சான் கொட்டிக்கொண்டிருந்தார்.

“சாலிஹ் காக்கா, நிப்பாட்டுங்க!”

அவள் போட்ட சத்தத்தில் கச்சான் முழுவதும் தரையில் கொட்டியது.

பக்கங்களை அடுக்கிப் பார்த்தாள். இரண்டு தாள்கள் இல்லை.

“ஒண்டு நம்மட கணக்கு வாத்தியாருக்கு வித்தன்” என்றார் சாலிஹ். பிறகு குரலைத் தாழ்த்தினார். “மற்றது சென்றியில நிக்கிற ஆமிக்காரனுக்கு.”

வாத்தியார் கச்சானைத் தின்று முடித்து, தாளை வாசித்துக்கொண்டிருந்தார். “என்ன புள்ள இது? குதிர ஆத்துக்குள்ள பாஞ்சதோட முடியுது. மிச்சம் எங்க?” என்று கோபப்பட்டபடியே தாளைக் கொடுத்தார்.

மிச்சம் சென்றியில், இராணுவக் காவலரணில் இருந்தது.

“ஆமிக்கிட்டப் போறதா? வேணா மகள்” என்றார் வாப்பா.

“அது குதிர கரையேறுற பக்கம் வாப்பா. அது இல்லாட்டிக் கதையே இல்ல.”

வாப்பா பெருமூச்சு விட்டார். சைக்கிளை உருட்டிக்கொண்டு அவரும் கூட வந்தார்.

மண்மூட்டைகளுக்குப் பின்னால் ஓர் இளம் சிப்பாய் நின்றான். ஸகியாவுக்குச் சிங்களம் தெரியாது. அவனுக்குத் தமிழ் தெரியாது. அவள் கைகளால் கடிவாளம் பிடிப்பதுபோல் பிடித்தாள். தெருவில் குதித்துக் குதித்து ஓடினாள். கனைத்தும் காட்டினாள்.

வாப்பா கண்களை மூடிக்கொண்டார்.

“ஆ, அஸ்வயா!” சிப்பாய் சிரித்துவிட்டான். சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்தான். அதில் ஒரு குதிரைப் படம் இருந்தது. ஆனால் அவன் அதைக் கொடுக்கவில்லை. இடுப்பளவு உயரத்தைக் கையால் காட்டி, நெஞ்சைத் தொட்டான்.

வீட்டில் அவனுக்கு ஒரு சின்னப் பிள்ளை. அந்தப் படம் அதற்கு.

ஸகியா கொஞ்சம் யோசித்தாள். வாப்பாவின் பையிலிருந்து பேனையும் ஒரு தாளும் வாங்கி, தெருவோரம் குந்தினாள். பிடரி மயிர் பறக்க ஓடும் குதிரை ஒன்றை வரைந்தாள். அதன் முதுகில் சிரிக்கும் ஒரு குட்டிப் பிள்ளையையும் வரைந்தாள்.

சிப்பாய் அதை நெடுநேரம் பார்த்தான். பிறகு தன் தாளை இரண்டு கைகளாலும் நீட்டினான்.

மறுநாள், வாப்பாவோடு ஸகியா கொண்டுபோன ஐந்து புத்தகங்களும் மட்டக்களப்பு அச்சகத்தில், வினாயகமூர்த்தியின் முன்னால் மேசையில் இருந்தன. அவர் ஒவ்வொன்றாகத் தடவினார். ‘வெள்ளைக்காலனை’ முகர்ந்து பார்த்தார்.

“கச்சான் மணக்குதே!” என்றார். கண்ணில் நீரோடு சிரித்தார்.

மூன்று மாதத்தில் புது அட்டைகளோடு ஐந்தும் வந்தன. வகுப்பில் டீச்சர் வாசித்தார். வெள்ளைக்காலன் ஆற்றைக் கடந்து கரையேறியபோது வகுப்பே மேசையைத் தட்டிக் கூவியது. பக்கத்து வகுப்பு டீச்சர் என்னவோ ஏதோ என்று பதறி ஓடி வந்தார்.

ஸகியா உட்கார்ந்திருந்த வாங்கில் நகர்ந்து அவருக்கும் இடம் விட்டாள்.