ஏழு அங்குலச் சுவர்

கிரனைட் கல் இறங்க மறுத்தது. ஒரு முனை அலுமாரிகளின் மேல் படிந்திருக்க, மறுமுனை சுவரில் முட்டி ஒரு சாண் தூக்கி நின்றது. பத்தடிக் கல்லுக்குக் கால் அங்குலம் இடம் குறைந்தாலே அப்படித்தான் நிற்கும்.

வீட்டுக்காரி விமலேஸ்வரி கல்லை முறைத்தாள். சமையல் குசினி வேலையில் தரை முதல், அலுமாரி பிறகு, கல் கடைசி. மாபிள் பதித்து முடித்தால்தான் அலுமாரியின் உயரம் தெரியும். அலுமாரி ஏறினால்தான் கல்லின் அளவு தெரியும். ஒன்று பிழைத்தால் அடுத்ததெல்லாம் பிழைக்கும் என்பதால் ஒவ்வொரு படியையும் அவளே அளந்தாள். சுவருக்குச் சுவர் சரியாகப் பத்தடி. இருபக்கமும் அரைக்கால் அங்குலம் விட்டுத்தான் கல்லுக்கு எழுதிக் கொடுத்திருந்தாள்.

“கல்லை அளந்து பாருங்கோ மிஸ். நீங்க தந்த அளவுதான்,” என்றார் கல் வெட்டும் முபாறக்.

அலுமாரி செய்த ஓடாவி நல்லதம்பி சிரித்தார். “கல்லு வளருமே தங்கச்சி? அளந்த கைதான் சுருங்கியிருக்கும்.”

“உங்கட நக்கலை விட்டிட்டுப் போய்ச் சாப்பிடுங்கோ அண்ணை. ஆற்ற பிழையெண்டு வந்தாப்பிறகு காட்டுறன்.”

இருபத்திரண்டு வருடம் நீர்ப்பாசன வாய்க்கால்களுக்கு மட்டம் பார்த்தவள். சொந்தக் குசினியை அளக்கத் தெரியாதவள் என்றால் கண்டாவளை ஊர் முழுக்கச் சிரிக்கும். நாளைக்கு அவள் சொல்லும் மட்டத்தை எந்தக் கமக்காரன் நம்புவான்?

மழை இருட்டிய மத்தியானம். புதுச் சீமெந்தின் குளிர்ந்த மணத்துக்கு அடியில் வேறொரு மணம், மூடிய வாய் திறந்தது போல, இளஞ்சூடாக வந்து போயிற்று. அவள் இரண்டு மெல்லிய மரச் சலாகைகளை எடுத்தாள். அளவு ரேப்பை வாசிக்கும் கண் பிழைக்கலாம், தடி பிழைக்காது. ஒன்றின்மேல் ஒன்று வைத்து நீட்டி, இரண்டு சுவரையும் தொட்டதும் கம்பியால் இறுக்கிக் கட்டித் தரையில் வைத்தாள். தண்ணீர் குடித்துவிட்டு வந்தபோது தடி வில்லாக வளைந்து நின்றது.

யாரும் உதைக்கவில்லை. வீட்டில் கணவர் யோகலிங்கம் மட்டும்தான், முன் அறையில் கதிரையில்.

வெளியே போய்க் குசினிச் சுவரின் புறத்தை மூலைக்கு மூலை அளந்தாள். பதினோரடி இரண்டு அங்குலம். கட்டியபோது இருந்தது அதுதான்: உள்ளே பத்தடி, பக்கத்துக்கு ஏழு அங்குலச் சுவர். ஒரு நூலும் மாறவில்லை. அப்படியானால்?

சுவரின் தடிப்பை யன்னல் காட்டிக்கொடுக்கும். யன்னல் குழிக்குள் ரேப்பை வைத்தாள். எட்டேகால்.

பூச்சில் ஒரு மயிர் வெடிப்பும் இல்லை. சீமெந்து வீங்கினால் வெடிக்கும். மரம் வீங்கினால் பிளக்கும். வெடிக்காமல் தடிப்பது தோல் மட்டுந்தான்.

பயம் வரவேண்டிய இடத்தில் அவளுக்குக் கோபமே வந்தது.

“இஞ்சேருங்கோ! வந்து ரேப்பின்ர நுனியைப் பிடியுங்கோ!”

யோகலிங்கம் எழுந்து வந்து அந்தப் பக்கச் சுவரடியில் முழந்தாளிட்டார். இன்னும் பொருத்தாத உயர அலுமாரி ஒன்று நடுவில் நின்று அவரை மறைத்தது. அதன் கால்களுக்குக் கீழே ரேப்பை ஓட்டி, இந்தச் சுவரோடு ரேப்பின் பெட்டியை அழுத்தினாள்.

ஒன்பதடி எட்டு.

“சுவரோட ஒட்டிப் பிடியுங்கோப்பா.”

“ஒட்டித்தான் பிடிச்சிருக்கிறன்.”

ஒன்பதடி ஏழு.

“ஆட்டாதேங்கோ எண்டெல்லே சொல்லுறன்! ஒரு வேலையாவது ஒழுங்காச் செய்வியளே?”

“நான் ஆட்டேல்ல விமலா.”

எண்கள் நின்றன. பிறகு ஏறத் தொடங்கின. எட்டு. ஒன்பது. பதினொன்று. பத்தடி.

“பத்தடி! பாத்தியளே? என்ர அளவு சரி! கூப்பிடுங்கோ அந்த ரெண்டு பேரையும்!”

ரேப் தளரவில்லை.

“விட்டிட்டு எழும்புங்கோ.”

“விட ஏலாமக் கிடக்கு.” குரல் தாழ்ந்திருந்தது, கூச்சப்படுவது போல. “உள்ளுக்கு இழுக்குது.”

பத்தடி மூன்று. பத்தடி ஐந்து. பெட்டிக்குள் சுருள் கிறுகிறுத்தது. பத்தடி ஏழு.

அதோடு சுவர் முடிகிறது. அதற்கப்பால் முற்றம். முற்றத்தில் முபாறக்கும் நல்லதம்பியும் சோறு சாப்பிடுகிறார்கள். நல்லதம்பி ஏதோ சொல்ல, முபாறக் சிரித்துப் புரையேறும் சத்தம் யன்னலால் வந்தது.

பன்னிரண்டடி.

பதின்மூன்று.

“இஞ்சேருங்கோ?”

பெட்டியை விடாமல் குனிந்து அலுமாரிக்குக் கீழே பார்த்தாள். மாபிள் தரை. அவருடைய ஒற்றைச் செருப்பு. எதிர்ச் சுவரின் பூச்சு வழுவழுப்பாக இருந்தது. பல்லைச் சுற்றி முரசுச் சதை இறுகியிருப்பதுபோல் சுவர் ரேப்பைக் கவ்வியிருந்தது. ரேப் மட்டும் போய்க்கொண்டிருந்தது. நிதானமாக. அடி அடியாக. உள்ளே.

பதினேழு.

இருபது.

இருபத்தைந்தடி ரேப் அது.

விரல்களைத் திறக்கப் பார்த்தாள். பெட்டியை அழுத்தியிருந்த இந்தப் பக்கச் சுவர், இளஞ்சூடாக, அவள் மணிக்கட்டுவரை வந்திருந்தது.