தரைப்பாலத்தில் தண்ணீர்

மழை சடசடவென்று இறங்கியபோது, சத்யபிரியாவுக்கு ஒதுங்கக் கிடைத்தது அந்தப் பழைய பஸ் நிழற்குடை ஒன்றுதான். ஸ்கூட்டியை நிறுத்திவிட்டுத் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடியவள்... வாசலிலேயே நின்றுவிட்டாள்.

உள்ளே ஒருவன் இருந்தான்.

கை, கழுத்து, சட்டை எல்லாம் கரி. பக்கத்தில் நின்ற பைக்கில் ஒரு சாக்கு. அதிலிருந்து அரிவாள் பிடி நீட்டிக்கொண்டிருந்தது. கரி படிந்த அந்த முகத்தில் கண்கள் மட்டும் பளீரென்று... ஒரு கணம் அவளைப் பார்த்தன. உடனே மழையின் பக்கம் திரும்பிக்கொண்டன.

என்ன பார்வை அது...

மணி ஐந்தரைதான். ஆனாலும் மேகம் கவிந்து, பொழுது அடைந்ததுபோல் கிடந்தது. ரோட்டின் இரண்டு பக்கமும் சீமைக்கருவேலங்காடு. திருச்சுழி இ-சேவை மையத்தில் வேலை முடித்து, பரளச்சிப் பக்கத்தில் உள்ள தன் ஊருக்கு அவள் தினமும் போகிற வழிதான். இன்றைக்கு ஏன் நெஞ்சு இப்படி அடித்துக்கொள்கிறது?

பைக்கின் பின்னால் எழுதியிருந்ததை அவள் கண்கள் தேடிப் படித்தன. பக்கத்து ஊரின் பெயர். அதற்குக் கீழே, 'கீழத்தெரு'.

கீழத்தெருவா... அந்தத் தெருக்காரர்களின் தாத்தாக்கள் அவள் வீட்டு நிலத்தில் கூலிக்கு உழைத்தவர்கள். 'அவனுகளோட பேச்சு வச்சுக்காத' என்று அண்ணன் மருதுபாண்டி சொல்லக் கேட்டே வளர்ந்தவள் அவள்.

"பரளச்சிப் பக்கமா போறீக?" என்று கேட்டான் அவன்.

அவள் துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"தரைப்பாலத்துல தண்ணி ஏறிட்டிருக்கு. நான் அங்கிட்டிருந்துதான் வாரேன். அந்த வழியா போகாதீக. காட்டுக்குள்ள ஒரு வண்டிப்பாத இருக்கு, மேட்டு மேலயே போகும்... வேணும்னா வழி காட்டுறேன்."

காட்டுக்குள்ளா? இவனோடா? போனைப் பார்ப்பதுபோல் பாவனை செய்து அவனைப் படம் எடுத்தாள். அண்ணனுக்கு அனுப்பினாள். 'பஸ் நிழற்குடையில நிக்கிறேன். இந்த ஆளு ஒரு மாதிரி பேசுறான். கீழத்தெரு வண்டி. பயமா இருக்கு.'

அந்த நேரம் ஒரு கார் வந்து நின்றது. கண்ணாடியை இறக்கினார் ஒரு வெள்ளைச் சட்டைக்காரர்.

"என்னம்மா, மழைக்கு நிக்கிறியா?"

"சார்... தரைப்பாலத்துல தண்ணி போகுதாமே?"

"இந்தத் தூறலுக்கா? அதெல்லாம் ஒண்ணும் இருக்காது. தைரியமாப் போம்மா."

அவ்வளவுதான். அவர் எந்தப் பக்கமிருந்து வந்தார் என்றுகூட அவள் யோசிக்கவில்லை. ஸ்கூட்டியைக் கிளப்பிவிட்டாள்.

கொஞ்ச தூரம் போனதும் கண்ணாடியில் ஒரு வெளிச்சம்... அவன்தான்! ஹாரன் விடாமல் அலறியது. ஏதோ கத்தினான். மழையில் ஒன்றும் விளங்கவில்லை. அவள் வேகத்தைக் கூட்டினாள். அவனும் கூட்டினான். கருப்பசாமி, காப்பாத்து...

வளைவு திரும்பியபோதுதான் தெரிந்தது. ரோடு இல்லை. ரோடு இருந்த இடத்தில் செந்நிறமாகத் தண்ணீர் சுழித்து ஓடிக்கொண்டிருந்தது.

பிரேக் பிடித்தாள். வண்டி வழுக்கிக்கொண்டு போய் வெள்ளத்தில் விழுந்தது. அவளும்தான். கால் தரையில் பாவவில்லை. வாயெல்லாம் சேறு. அம்மா என்று கத்தக்கூட முடியவில்லை...

ஒரு கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது.

பிடித்த பிடியை அது விடவேயில்லை. கருவேலங்கிளை ஒன்றை மறுகையால் பற்றிக்கொண்டு, முள் கிழிக்கக் கிழிக்க, அங்குலம் அங்குலமாக அவளைக் கரைக்கு இழுத்துப் போட்டான் அவன்.

இருவரும் மூச்சிரைக்கக் கிடந்தார்கள். அவன் முகத்துக் கரியையெல்லாம் தண்ணீர் கழுவியிருந்தது. அவள் வயதுதான் இருக்கும். உதடு நடுங்கிக்கொண்டிருந்தது. அவள் இவ்வளவு நேரம் பயந்தது, பயந்துபோன இந்த முகத்தைப் பார்த்தா?

சட்டென்று அந்தப் படம் நினைவுக்கு வந்தது. அண்ணனைத் தடுக்கலாமென்றால் போன் வண்டியோடு வெள்ளத்தில் போயிருந்தது.

"போயிருங்க! எங்கண்ணனுக்கு உங்க போட்டோவ அனுப்பிட்டேன்... ஆளுகளக் கூட்டிட்டு வருவாக... சீக்கிரம் போயிருங்க!"

அவன் அவளையே பார்த்தான். கோபம் இல்லை. அது இருந்திருந்தால்கூடத் தேவலை.

"போனா, தப்பு செஞ்சவன் ஓடிட்டான்னு ஆயிரும். அப்புறம் எங்க தெருவுக்கே வருவாக. நான் நிக்கேன்."

சொல்லி முடிக்கவில்லை, அவன் சொன்ன அதே காட்டுப்பாதையிலிருந்து மூன்று பைக்குகள் வந்துவிட்டன. "ஏலே!" என்று கத்திக்கொண்டே இறங்கிய மருதுபாண்டியின் கம்பு அவன் தோளில் விழுந்தது. இரண்டாவது அடிக்குக் கம்பு ஓங்கியபோது அவள் குறுக்கே பாய்ந்தாள்.

"அடிக்காதண்ணே! தண்ணில போன என்னய இவுகதான் இழுத்துப் போட்டாக. போகாதன்னு மொதல்லயே சொன்னாக. நான்தான் நம்பல... தப்பு எம்மேல!"

'இவுக' என்ற மரியாதைச் சொல்லைக் கேட்டு அண்ணனின் முகம் சுருங்கியது. கம்பு மட்டும் தாழ்ந்தது.

"வண்டில ஏறு" என்றான்.

இருபது நாள் அவள் சரியாகத் தூங்கவில்லை. கண்ணை மூடினால் வெள்ளம் வரவில்லை, கம்பு விழுந்த சத்தம்தான் வந்தது. விசாரித்ததில் பெயர் தெரிந்தது. சந்தனம். கருவேல மரம் வெட்டி, மண் மூடி எரித்துக் கரிமூட்டம் போடுகிறவன். அருப்புக்கோட்டைக்கு வெளியே ஒரு கரிக் கிடங்குக்கு லோடு கொண்டு வருவானாம்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அங்கே போய் நின்றாள். இடது தோளில் கட்டோடு மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தவன் திடுக்கிட்டு நாலு பக்கமும் பார்த்தான்.

"இங்க எதுக்கு வந்தீக? யாராச்சும் பாத்தா..."

"மன்னிப்புக் கேக்கணும்."

"அதான் அன்னைக்கே சொல்லிட்டீகளே."

"அது எங்கண்ணன்கிட்ட. உங்ககிட்ட சொல்லல."

அவன் மூட்டையின் மேல் உட்கார்ந்தான்.

"ஒண்ணு கேக்கவா? நான் தண்ணி ஏறுதுன்னு சொன்னேன். அந்தக் கார்க்காரரு இல்லன்னாரு. அவர ஏன் நம்புனீக?"

பொய் சொல்ல நிறைய இருந்தது. அரிவாள், கரி, இருட்டு... அவள் எதையும் எடுக்கவில்லை.

"அவரு சட்டையப் பாத்தேன்... நம்புனேன். உங்க வண்டில எழுதியிருந்த தெருவப் பாத்தேன்... நம்பல. உங்களுக்குப் பதிலா அவரு நெழற்குடையில நின்னிருந்தா போட்டோ எடுத்திருக்க மாட்டேன். நான் ரொம்ப நல்லவள்னு எம்மேல எனக்கே ஒரு நெனப்பு இருந்துச்சு. அது போச்சு."

அவன் தலையைத் திருப்பிக்கொண்டான். கண்ணில் கரித்தூள் விழுந்ததுபோல் புறங்கையால் துடைத்தான்.

"இத இவ்வளவு தூரம் வந்து எவரும் சொல்ல மாட்டாக..." என்றான் மெதுவாக. "அடிச்சது வலிக்கல. நீங்க பாத்தீக பாருங்க, நெழற்குடையில... அதான் வலிச்சது. வலிச்சாலும் அந்தக் கண்ணு மறக்க மாட்டேங்குது. என்ன செய்ய?"

அவள் மணிக்கட்டையும் அந்தப் பிடி இருபது நாளாக விடவேயில்லை. வெளியே ரோட்டில் ஒரு பைக் சத்தம் கேட்டது. இருவரும் ஒரே நேரத்தில் அந்தப் பக்கம் பார்த்தார்கள். பைக் கடந்து போனது.

"எனக்கு உங்கள..." என்றவள் நிறுத்தி, மூச்சு வாங்கி, மறுபடி ஆரம்பித்தாள். "எனக்கு உங்கள ரொம்பப் பிடிச்சிருக்கு. இரக்கப்பட்டுச் சொல்லல."

"வெளையாட்டா? உங்க வீட்டப் பத்தித் தெரிஞ்சுதான் பேசுறீகளா? எங்க தெரு நெலம தெரியுமா? எனக்குப் பயமா இருக்குங்க."

"எனக்கும்தான்... ரொம்பப் பயமா இருக்கு." அவள் கண்கள் நிரம்பின. ஆனால் நகரவில்லை. "மொதல்ல எங்கண்ணன்கிட்ட நானே சொல்றேன். அதுவரைக்கும் நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். என்னயப் பிடிக்கலன்னா மட்டும் இப்பவே சொல்லிருங்க. போயிருறேன்."

சந்தனம் எழுந்தான். வெகுநேரம் அவளையே பார்த்தான்.

"போகாதீக" என்றான்.